சிறைவாசலிலிருந்து பாலத்தடிக்கு

ஏரோது அகிரிப்பா ராஜா பேதுருவைப் பிடித்துச் சிறையில் போட்டபோது காவலுக்குப் பதினாறு போர்வீரர்களை ஏற்படுத்தினான். பதினாறு பேரும் ஒரே நேரத்தில் நிற்கவில்லை. நாலு நாலு பேராக நான்கு அணி. ரோமானியர் இரவை நான்கு சாமமாகப் பிரித்திருந்தார்கள். சாமத்துக்கு ஓர் அணி. பேதுரு இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு இரண்டு வீரர்களுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தார். வாசலிலும் காவல் இருந்தது. அப்போஸ்தலர் நடபடிகளின் 12ஆம் அதிகாரத்தில் வரும் இந்தக் காட்சியில்தான் 'குவாட்டர்னியன்' என்ற சொல் ஆங்கிலத்துக்குள் வந்து அமர்ந்தது. பொருள்: நான்கு கொண்ட ஒரு தொகுதி.

கிரேக்க மூலத்தில் இருப்பது 'டெட்ராடியான்'. லத்தீன் விவிலியம் அதைக் 'குவாட்டர்னியோ' ஆக்கியது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விக்லிஃபைச் சேர்ந்தவர்கள் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்தபோது ஈடு ஒன்றும் தேடாமல் லத்தீன் சொல்லையே கொஞ்சம் வளைத்து எடுத்துக்கொண்டார்கள். 1526இல் டிண்டேல் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்தார். ஏர் ஓட்டும் பையனுக்கும் வேதம் புரிய வேண்டும் என்று உயிரைக் கொடுத்தவர் அவர். அவரே இந்தச் சொல்லை மாற்றவில்லை. 1611இன் ஜேம்ஸ் மன்னர் பதிப்பும் அப்படியே வைத்துக்கொண்டது. அதனால் கோயிலுக்குப் போகும் ஒவ்வோர் ஆங்கிலேயர் காதிலும், வேறெங்கும் கேட்காத ஒரு சொல் ஆண்டாண்டாக விழுந்துகொண்டிருந்தது. பழைய தமிழ் வேதாகமம், வகுப்புக்கு நான்கு சேவகர் என்று விரித்துச் சொல்லிவிட்டு நகர்கிறது.

தமிழுக்கு அப்படி ஒரு தனிச்சொல்லின் தேவையும் அதிகம் இல்லை. 'நால்' என்று முன்னால் வைத்தால் போதும்: நால்வர், நானிலம், நான்மறை, நாற்படை. இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் தனிப்பெயர் வைத்த ஆங்கிலம் நான்கில் தடுமாறியது. பாடுபவர்களும் வாசிப்பவர்களும் நால்வரானால் 'குவார்ட்டெட்'. விளையாட வந்தவர்கள் நால்வரானால் வேறு சொல். நான்கு நாடகங்களுக்கோ நான்கு நாவல்களுக்கோ 'டெட்ராலஜி'. பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ 1888இல் விவரித்த நான்கு இதயக் குறைகளின் சேர்க்கையையும் மருத்துவர்கள் டெட்ராலஜி என்றுதான் சொல்கிறார்கள். எந்த நான்குக்கும் பொதுவாகப் பொருந்தக்கூடியதாக இருந்தது குவாட்டர்னியன். இருந்தும் அதைப் பயன்படுத்தியவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரும் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் ஓர் ஒற்றுமை தென்படுகிறது. எண்ணி நான்கு வந்தால் போதும் என்று அவர்கள் எழுதவில்லை. ஒன்றை உருவினால் மற்ற மூன்றும் நிலைகுலையும் நான்குகளுக்கே அந்தப் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

புத்தகம் கட்டுகிறவர்களின் குவாட்டர்னியன் இதற்கு நல்ல சாட்சி. தோல்தாள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் எட்டு ஏடு, பதினாறு பக்கம். மடிப்பில் ஊசி நுழைத்துத் தைத்தால் ஒரு கட்டு. இப்படிப் பல கட்டுகளைச் சேர்த்துத் தைத்ததுதான் கையெழுத்துப் புத்தகம். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் விவிலியச் சுவடியின் பெரும்பாலான கட்டுகள் இந்த எட்டு ஏட்டுக் கணக்கில் அமைந்தவை. தோலுக்கு மயிர் இருந்த பக்கம், சதை இருந்த பக்கம் என்று இரண்டு முகம் உண்டு. மயிர்ப்பக்கம் சற்று மஞ்சளாக, நுண்துளைகளோடு இருக்கும்; சதைப்பக்கம் வெளுத்து வழவழப்பாக இருக்கும். திறந்து வைத்தால் இடமும் வலமும் ஒரே நிறமாகத் தெரியும்படி, மயிர்ப்பக்கத்துக்கு எதிரே மயிர்ப்பக்கமும் சதைப்பக்கத்துக்கு எதிரே சதைப்பக்கமும் வரத் தாள்களை அடுக்கினார்கள். இந்தக் கட்டில் இரண்டாம் ஏட்டை யாராவது கிழித்தால் ஏழாம் ஏடு பிடிமானம் இழந்து கழன்றுவிடும், ஏனென்றால் இரண்டும் ஒரே தாளின் இரண்டு பாதிகள். ஓலைச்சுவடியில் ஓர் ஓலை போனால் அந்த ஓலை மட்டும் போகும். மடித்துத் தைத்த புத்தகத்தில் இழப்பு இரட்டையாக வரும். ஒரு சுவடியில் எந்தப் பக்கங்கள் தொலைந்திருக்கின்றன என்று இன்றைய ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இந்தக் கட்டின் பெயர் ஐரோப்பா முழுக்கச் சிதறி முளைத்தது. பிரெஞ்சுக்காரர் நோட்டுப் புத்தகத்தைக் 'காயே' என்கிறார்கள். அதன் வேர் லத்தீனின் 'நான்கு நான்காக'. கிரேக்கரின் டெட்ராடியான் ரஷ்யாவில் 'டெட்ராத்' ஆகிப் பள்ளிப்பிள்ளைகளின் பையில் இருக்கிறது. பழைய பிரெஞ்சின் வழியாக இங்கிலாந்துக்கு வந்த கிளை 'குயர்' ஆனது. முதலில் நான்கு தாள், பிறகு தாள் வியாபாரத்தில் இருபத்துநான்கு, இப்போது இருபத்தைந்து. அந்தக் குயர் கப்பலேறி நம்மிடமும் வந்துசேர்ந்தது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், கடைவாசலில் நின்று "ஒரு குயர் நோட்டு ரெண்டு, அரைக் குயர் நாலு" என்று அப்பா கேட்டு வாங்கிக் கொடுத்தாரே, அந்தக் குயர் இதுதான். பேதுருவைக் காத்த அணியும் நம் கோடு போட்ட நோட்டும் ஒரே கொடியில் காய்த்தவை என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஜெர்மனியில் இந்தச் சொல் அரசியலுக்குள் போனது. புனித ரோமப் பேரரசின் அமைப்பை நான்கு நான்காக அடுக்கிக் காட்டும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டில் பரவியது: நான்கு கோமகன்கள், நான்கு பிரபுக்கள், நான்கு நகரங்கள், நான்கு கிராமங்கள், நான்கு உழவர்கள். 1510இல் ஹான்ஸ் புர்க்மையர் உருவாக்கிய மரவெட்டுப் படத்தில் இரட்டைத் தலைக் கழுகு ஒன்று இறக்கை விரித்து நிற்கிறது. ஒவ்வோர் இறகிலும் நால்வரின் சின்னங்கள். பேரரசு உண்மையில் அப்படி இயங்கியதா என்றால் இல்லை. உழவர் வரிசையில் வரும் கொலோனும் சால்ஸ்பர்க்கும் உண்மையில் நகரங்கள். ஆனால் ஒரு நாட்டை ஓர் உடம்பாகக் காட்ட நான்கின் அடுக்கு அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

கவிதையில் இதைப் பெரிதாக எடுத்துச் செய்தவர் ஒரு பெண். ஆன் பிராட்ஸ்ட்ரீட் 1612இல் இங்கிலாந்தில் பிறந்தார். 1630இல் கணவரோடும் பெற்றோரோடும் மாசச்சூசெட்ஸ் வந்து இறங்கினார். எட்டுப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதியவர். அவருக்குத் தெரியாமல் மைத்துனர் கையெழுத்துப் பிரதியை லண்டனுக்குக் கொண்டுபோய் 1650இல் அச்சிட்டார். வட அமெரிக்கக் குடியேற்றங்களில் வாழ்ந்த ஒருவரின் ஆங்கிலக் கவிதைகள் புத்தகமாக வந்தது அதுவே முதல் முறை. அதன் முன்பகுதியில் நான்கு நீண்ட கவிதைகள்: நான்கு பூதங்கள், உடலின் நான்கு நீர்கள், மனிதரின் நான்கு பருவங்கள், ஆண்டின் நான்கு காலங்கள். இலக்கிய வரலாற்றில் இவற்றைக் குவாட்டர்னியன்கள் என்றே சொல்கிறார்கள். நெருப்பு, நிலம், நீர், காற்று என்ற நான்கு சகோதரிகள் யார் பெரியவள் என்று சண்டையிடுகிறார்கள். அவர்கள் பெற்ற மக்கள்தான் பித்தமும் இரத்தமும் கபமும் கரும்பித்தமும். குழந்தைப் பருவம் கபத்தின் பிள்ளை, நீரின் பேரன். இளமை இரத்தத்துக்குப் பிறந்தது. இப்படி ஒவ்வொரு குரலும் மூன்று தலைமுறை உறவோடு பேசும்போது, நான்கு கவிதைகளிலும் எதையும் தனியே பிரித்தெடுக்க முடியாமல் போகிறது. இந்தக் கவிதைகளை நெடிது என்று ஒதுக்குகிற விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உலகத்தையே ஒரு குடும்பமாக்கிக் காட்டத் துணிந்த பெண் அவர். அதற்கு அந்த நீளம் வேண்டும்.

அந்தப் புத்தகம் வந்து பதினேழு ஆண்டு கழித்து மில்டன் தம் காவியத்தில் ஆதாமும் ஏவாளும் பாடும் காலைத் துதியில், ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிச் சுழலும் நான்கு பூதங்களுக்கு இதே சொல்லைப் போட்டார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு, படித்தவர் எழுத்தில் எப்போதாவது தலைகாட்டும் சொல்லாக அது இருந்தது.

அதைக் கணிதத்துக்குள் கொண்டுவந்த வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1805இல் டப்ளினில் பிறந்தார். பாதிரியாரான சித்தப்பா வீட்டில் வளர்ந்த அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே லத்தீன், கிரேக்கம், எபிரேயம். அப்புறம் பாரசீகம், அரபு, சமஸ்கிருதம். 1827இல், இருபத்தொரு வயதில், பட்டம் வாங்கும் முன்பே வானியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டு டன்சிங்க் ஆய்வகத்துக்குக் குடிபோனார். வேர்ட்ஸ்வொர்த்தின் நண்பர், தாமும் கவிதை எழுதியவர். சொற்களை அறிந்த ஒருவர் கையில் கணிதம் கிடைத்ததால்தான் இந்தக் கதைக்கே அடுத்த கட்டம் வாய்த்தது என்று நினைக்கிறேன்.

அவரை வாட்டிய கேள்வி இது. வர்க்கம் −1 ஆகும் 'ஐ' என்ற கற்பனை எண்ணால் பெருக்கினால், தாளில் வரைந்த ஒரு கோடு கால் சுற்றுத் திரும்புகிறது. ஆக இரண்டு எண்கள் சேர்ந்த ஜோடி, தாளின் பரப்பில் நடக்கும் சுழற்சிகளைக் கணக்காக்கிவிடுகிறது. நாம் வாழும் வெளிக்கோ நீளம், அகலம், உயரம் என்று மூன்று பரிமாணம். அப்படியானால் மும்மூன்று எண்களைப் பெருக்க ஒரு வழி இருக்க வேண்டுமே? கூட்டல் எளிது. பெருக்கல்தான் பிடிகொடுக்கவில்லை. 1843 அக்டோபர் தொடக்கத்தில், காலை உணவுக்கு இறங்கி வந்ததும் அவருடைய பையன்கள் இருவரும், "அப்பா, மூன்றைப் பெருக்க வந்ததா?" என்று கேட்பார்களாம். கூட்டவும் கழிக்கவும் மட்டுமே முடிகிறது என்று தலையை ஆட்டுவாராம்.

மூன்று ஏன் மறுத்தது என்பதைச் சின்னக் கணக்கில் காட்டிவிடலாம். பெருக்கிய விடையின் நீளம், பெருக்கிய இரண்டின் நீளங்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். ஹாமில்டன் விட்டுக்கொடுக்காத நிபந்தனை அது. முழு எண்களில் பார்த்தால், மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையை இன்னொரு மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் பெருக்கினால், விடையும் மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக வர வேண்டும். 3 என்பது 1+1+1. 21 என்பது 16+4+1. பெருக்கினால் 63. இப்போது 63ஐ மூன்று வர்க்கங்களாகப் பிரிக்கப் பாருங்கள். 49ஐ எடுத்தால் 14 மிச்சம்; அது இரண்டு வர்க்கமாகாது. 36ஐ எடுத்தால் 27, ஆகாது. 25ஐ எடுத்தால் 38, அதுவும் ஆகாது. பெரிய வர்க்கம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும், ஆகவே வழியே இல்லை. நான்கு வர்க்கம் என்றால் 49+9+4+1 என்று உடனே வந்துவிடுகிறது. நான்கு வர்க்கங்களுக்கு இந்தப் பெருக்கல் எப்போதும் பலிக்கும் என்பதை ஆய்லர் 1748லேயே கண்டிருந்தார்.

அக்டோபர் 16, திங்கட்கிழமை. ராயல் ஐரிஷ் அகாதமியின் கூட்டத்துக்குத் தலைமை தாங்க ஹாமில்டன் மனைவி ஹெலனோடு ராயல் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தார். மனைவி அவ்வப்போது ஏதோ பேசிக்கொண்டு வந்தார். இவர் மனத்தில் வேறோர் ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு பாலத்தை நெருங்கும்போது பொறி தட்டியது. ஐயையும், அதைப் போலவே இன்னொரு கற்பனை எண்ணான ஜேயையும் பெருக்கி வருவதை மூன்றுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தோம். அது நான்காவதாக ஒரு திசை, கே என்று வைத்தால்? பையில் இருந்த குறிப்பேட்டில் எழுதினார். அதோடு நிற்க மனம் வரவில்லை. கத்தியை எடுத்துப் பாலத்தின் கல்லில் செதுக்கினார். ஐ, ஜே, கே ஒவ்வொன்றின் வர்க்கமும் −1. மூன்றையும் அந்த வரிசையில் பெருக்கினாலும் −1. அன்றைக்கே அகாதமியில் அனுமதி கேட்டு, நவம்பர் 13ஆம் தேதி கட்டுரையை வாசித்தார். கத்திக்கீறல் காலத்தில் அழிந்துபோனது. 1958இல் அயர்லாந்துப் பிரதமர் டி வலேரா அங்கே ஒரு கல்வெட்டைத் திறந்துவைத்தார். அவரும் கணித ஆசிரியராக இருந்தவர்.

நான்காவதை ஏற்றதற்கு ஒரு விலை உண்டு. ஐயை ஜேயால் பெருக்கினால் கே. ஜேயை ஐயால் பெருக்கினால் கழித்தல் கே. வரிசை மாறினால் விடை மாறும் எண்கள் அதுவரை கணிதத்தில் கிடையாது. ஆனால் சுழற்சியின் இயல்பே அதுதான். ஒரு புத்தகத்தை அட்டை மேலே தெரிய மேசையில் வையுங்கள். அதை உங்களை விட்டு அப்பால் கால் சுற்றுக் கவிழ்த்து, பிறகு வலப்பக்கம் கால் சுற்றுச் சாயுங்கள். இன்னொரு புத்தகத்தை முதலில் வலப்பக்கம் சாய்த்து, பிறகு அப்பால் கவிழுங்கள். இரண்டும் வேறு வேறு கோலத்தில் நிற்கும். ஹாமில்டனின் எண்கள் வெளி நமக்கு நடத்துவதையே நடத்துகின்றன.

இந்த எண்களுக்குக் குவாட்டர்னியன் என்று பெயர் வைக்கும்போது அவர் புதிதாக எதையும் உருட்டவில்லை. இந்தச் சொல்லுக்கு விளக்கமே வேண்டாம், வேதத்தில் பேதுருவின் காவலிலும் மில்டனில் ஆதாமின் துதியிலும் இருக்கிறதே என்று அவரே எழுதியிருக்கிறார். தம் கண்டுபிடிப்புக்கு வடிவியல், இயற்கணிதம், மெய்யியல், கவிதை என நான்கு பெற்றோர் என்றும், அந்தப் பெற்றோரே ஒரு குவாட்டர்னியன் என்றும் ஒரு கடிதத்தில் சொன்னார். அந்த ஒரே வாக்கியத்தில் சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் அருகருகே உட்கார்ந்திருந்தன. பழைய பொருள் அவ்வளவு இயல்பாக வந்த இடங்களில் அது ஏறக்குறைய கடைசி என்றே எனக்குத் தோன்றுகிறது.

மிச்ச வாழ்நாளை ஹாமில்டன் இதற்கே கொடுத்தார். 1865இல் அவர் இறந்தபின் பெரிய நூலை மகன் முடித்து வெளியிட்டார். எடின்பரோவின் டெய்ட் கொடியைப் பிடித்தார். மாக்ஸ்வெல் 1873இல் தம் மின்காந்த நூலில் பாதி மனத்தோடு பயன்படுத்தினார். அப்புறம் அமெரிக்காவின் கிப்ஸும் இங்கிலாந்தின் ஹெவிசைடும் நான்கைப் பிரித்துவிட்டார்கள். ஒற்றை எண்ணாக நின்ற பகுதி தனியே, திசை காட்டும் மூன்றும் தனியே. 'ஸ்கேலர்', 'வெக்டர்' என்று அந்தப் பகுதிகளுக்குப் பெயர் வைத்தவர் ஹாமில்டன்தான். டெய்ட் கொதித்தார், 1890களில் 'நேச்சர்' இதழின் பக்கங்களில் கடுஞ்சொற்கள் பறந்தன, கெல்வின் பிரபு, இந்த எண்களைத் தொட்டவர்களுக்கெல்லாம் கேடுதான் விளைந்தது என்று எழுதினார். வெக்டர் வென்றது. நம் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் வெக்டர் இயற்கணிதம் படிக்கும் பிள்ளைகள் தொப்பி போட்டு எழுதுகிற ஐ, ஜே, கே மூன்றும் அந்தப் பாலத்தடியிலிருந்து வந்தவை. அவை எங்கிருந்து பிடுங்கப்பட்டவை என்று பாடத்தின் ஓரத்தில் இரண்டு வரி சேர்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். புள்ளிப் பெருக்கம், குறுக்குப் பெருக்கம் என்று எதற்காக இரண்டு பெருக்கல் இருக்கிறது என்று விழிக்கும் பிள்ளைக்கு, ஒரே பெருக்கலின் இரண்டு துண்டுகள் அவை என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

விண்வெளி யுகம் அந்த நான்கை மறுபடி ஒன்று சேர்த்தது. ஒரு கலம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று மூன்று கோணங்களால் சொல்லலாம். ஆனால் சில நிலைகளில் மூன்று அச்சுகளில் இரண்டு ஒரே கோட்டில் வந்து விழுந்து, ஒரு திசையில் திரும்பும் சுதந்திரமே பறிபோகும். அதைக் கிம்பல் பூட்டு என்கிறார்கள். அப்போலோ கலங்களின் திசைகாட்டும் கருவியில் மூன்று வளையங்கள்தான் இருந்தன. பூட்டு விழாமல் பார்த்துக்கொள்வது வீரர்களுக்கு ஓயாத கவலை. அப்போலோ 11இல் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த மைக்கேல் காலின்ஸ், கிறிஸ்துமஸ் பரிசாக நான்காவது வளையம் ஒன்று அனுப்பச் சொல்லி ஹூஸ்டனிடம் வேடிக்கையாகக் கேட்டார். கருவியில் நான்காவது வளையம் செய்யும் வேலையைக் கணக்கில் நான்காவது எண் செய்கிறது. பின்னால் வந்த விண்வெளி ஓடங்களின் மென்பொருள் குவாட்டர்னியன்களில் இயங்கியது. இன்று செயற்கைக்கோள் எப்படித் திரும்பி நிற்கிறது என்பதைப் பொறியாளர்கள் வழக்கமாக இந்த நான்கு எண்களில்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

1985இல் கென் ஷூமேக் என்பவர், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு உருவங்களைக் குலுக்கல் இல்லாமல் திருப்ப இந்த எண்களைப் பயன்படுத்தும் வழியைக் கணினி வரைகலை மாநாட்டில் காட்டினார். அசைபடமும் வீடியோ கேமும் அதைப் பிடித்துக்கொண்டன. சென்னையில் யூனிட்டி மென்பொருளில் விளையாட்டு தயாரிக்கும் இளைஞர் ஒருவர் திரையில் ஒரு பாத்திரத்தைத் திருப்பினால், கண்ணுக்கு மூன்று கோணம் தெரியும். உள்ளே சேமிக்கப்படுவது நான்கு எண். அந்த நான்கின் வர்க்கங்களும் கூடி ஒன்றாக வர வேண்டும். பெருக்கிப் பெருக்கிச் சிறு பிழைகள் சேரும்போது தொகை நழுவும். நிரல் நான்கையும் ஒன்றாக அளவிட்டுத் திரும்ப ஒன்றுக்குக் கொண்டுவரும். ஒரே ஓர் எண்ணை மட்டும் கையால் மாற்றினால் பாத்திரம் கோணலாகிவிடும். அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம் மூத்தவர்கள் முதலில் சொல்வது, "அந்த நாலையும் தனித்தனியா தொடாதே" என்பது.

இனி ஓர் ஆங்கில எழுத்தாளர் நான்கு நண்பர்களையோ நான்கு நதிகளையோ குவாட்டர்னியன் என்று எழுதினால், வாசகர் மனம் கணிதத்துக்குத்தான் ஓடும். அகராதிகள் பழைய பொருளை இன்னும் முதலிலேயே தருகின்றன. புதிய விவிலியங்களோ நால்வர் குழு என்று எளிமையாக்கிவிட்டன. உயிரியல் 'டெட்ராட்' என்ற கிரேக்க உறவினரைப் பிடித்துக்கொண்டது, இசை குவார்ட்டெட்டை. ஆனாலும் இந்தச் சொல்லைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. நான்கு தாளை மடித்துத் தைப்பவரும் பிராட்ஸ்ட்ரீட்டைப் பாடம் சொல்பவரும் இன்றைக்கும் வேறு சொல் இல்லாமல் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் பேசுவது எண்ணிக்கையை அல்ல, பிணைப்பை. அந்தப் பிணைப்பு இருக்கிற நான்குக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறவர் தயங்காமல் இதைப் போடலாம். வெறுமனே நான்கு பொருள்கள் என்றால் நான்கு என்றே எழுதிவிடலாம்.